ஸ்டெடிகாம் ஆபரேட்டரின் மானிட்டர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நடந்துகொண்டே அதிர்வில்லாமல் படம்பிடிக்க உதவும் ஸ்டெடிகாம் வகைக் கருவிகளுக்கான மானிட்டரைத் தாங்களே வடிவமைக்க விரும்பும் மின்னணுவியல் மாணவர்களும், கருவிகளைப் பழுதுபார்ப்பவர்களும், உதவி ஒளிப்பதிவாளர்களும் அனுப்பியிருந்த கேள்விகளில் ஒன்றோடொன்று தொடர்புடையவற்றை இந்த இதழில் தொகுத்திருக்கிறோம். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் அவற்றை ஒரே கேள்வியாகச் சுருக்கியுள்ளோம்.

கேள்வி: கேமராவிலேயே, கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் இருக்கும்போது ஸ்டெடிகாமுக்குத் தனியாக ஒரு மானிட்டர் எதற்கு? சாதாரண மானிட்டரையோ பழைய கைப்பேசியையோ பொருத்திக்கொண்டால் போதாதா?

பதில்: ஸ்டெடிகாமில் கேமரா ஒரு தூணின் உச்சியிலும், பேட்டரியும் மானிட்டரும் அதன் அடியிலும் அமர்ந்திருக்கும், இந்த முழு அமைப்பையும் ஸ்லெட் என்பார்கள். அதன் எடை மையத்துக்குச் சற்று மேலே உள்ள, எத்திசையிலும் தடையின்றித் திரும்பும் கிம்பல் என்ற மூட்டைத்தான் ஆபரேட்டர் விரல் நுனிகளால் பிடித்துத் திருப்புகிறார். கண்ணை வ்யூஃபைண்டரில் பதித்தால் தலையின் அசைவு முழுவதும் கேமராவுக்குப் போய்விடும். அப்புறம் அந்தக் கருவியைச் சுமப்பதற்கே பொருள் இல்லை. 1970-களில் இதைக் கண்டுபிடித்த காரெட் பிரவுன், தம் தொடக்க மாதிரி ஒன்றில் வ்யூஃபைண்டரின் படத்தை வளையும் கண்ணாடி இழைக் கற்றை வழியாகக் கண்ணுக்குக் கொண்டுவந்து பார்த்தார். பிறகு சிறிய வீடியோ கேமராவும் அடியில் ஒரு மானிட்டரும் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. 1976-இல் வெளிவந்த திரைப்படங்களில் ஸ்டெடிகாம் முதன்முதலாகத் திரையைக் கண்டது. 1978-இல் அதற்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது.

சாதாரண மானிட்டர் போதாது என்பதற்கான காரணம், அதைப் பார்க்கும் முறையில் இருக்கிறது. ஆபரேட்டர் திரையை உற்றுப் பார்ப்பதில்லை. கால் வைக்கப்போகும் படியையும், எதிரே வரும் நடிகரையும், ஓரத்தில் கிடக்கும் கேபிளையும் பார்த்துக்கொண்டே, வண்டி ஓட்டுபவர் வேகமானியைப் பார்ப்பதுபோல இடையிடையே திரையை ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறார். அந்த ஒரு பார்வையில் படத்தின் எல்லை, கிடைமட்டம், ஆளின் இருப்பிடம் மூன்றும் தெரிந்துவிட வேண்டும். நிறத்தின் நுணுக்கத்தையும் கூர்மையையும் கவனிக்க வேறு ஆட்களும் வேறு மானிட்டர்களும் இருக்கிறார்கள். கைப்பேசியைப் பொறுத்தவரை, வெயிலில் சூடேறியதும் அது தன் ஒளியைத் தானே குறைத்துக்கொள்ளும் என்ற ஒரு குறையே அதை விலக்கிவைக்கப் போதுமானது.

கேள்வி: வெயிலில் திரை தெரிய எத்தனை நிட் (பரப்பின் ஒளிர்வை அளக்கும் அலகு) வேண்டும்? 1,000 நிட் போதும் என்று சிலரும், 2,500 இல்லாமல் முடியாது என்று சிலரும் சொல்கிறார்கள்.

பதில்: இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம், ஏனென்றால் திரை எவ்வளவு ஒளியை வெளிவிடுகிறது என்பதோடு, எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். விளம்பரங்களில் முதல் எண் மட்டுமே இருக்கும்.

நேரடி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் (ஒரு பரப்பின் மேல் விழும் ஒளியை அளக்கும் அலகு) என்று வைத்துக்கொள்வோம். அதில் நிற்கும் ஆபரேட்டர் வெள்ளைச் சட்டை அணிந்திருந்தால், அந்தத் துணி விழும் ஒளியில் 80 சதவீதத்தைச் சிதறடிக்குமானால், சட்டையின் ஒளிர்வு சுமார் 25,000 நிட். மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் மானிட்டரின் கண்ணாடியில் ஆபரேட்டருக்குத் தெரிவது பெரும்பாலும் அவருடைய மார்பின் பிம்பம்தான். பூச்சு எதுவும் இல்லாத கண்ணாடியின் ஒரு பரப்பு 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். ஆகவே படத்தின் மேல் 1,000 நிட் அளவுக்கு வெள்ளைச் சட்டை படிந்து நிற்கும். 1,000 நிட் திரையில் மிக வெளிச்சமான இடத்துக்கும் முழு இருட்டான இடத்துக்கும் உள்ள விகிதம் அப்போது இரண்டுக்கு ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. நிழலில் நிற்கும் முகம் அதில் தெரியவே தெரியாது.

இதே கண்ணாடிக்கு எதிரொளிப்பை 0.5 சதவீதமாகக் குறைக்கும் பூச்சு ஒன்றைக் கொடுத்தால் அந்த 1,000 நிட் 125 ஆகிறது. ஆபரேட்டர் 5 சதவீத ஒளியை மட்டுமே சிதறடிக்கும் கறுப்புச் சட்டைக்கு மாறினால், பூச்சே இல்லாத கண்ணாடியில்கூட 64 நிட்தான் படியும். பூச்சும் கறுப்புச் சட்டையும் சேர்ந்தால் 8 நிட். திரைக்குப் பின்னாலிருந்து ஒளி தரும் பேக்லைட்டை இரண்டரை மடங்காக்கி, அதற்குரிய மின்சாரத்தையும் வெப்பத்தையும் ஏற்றுக்கொள்வதைவிட இது எவ்வளவு மலிவான வழி என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஸ்டெடிகாம் ஆபரேட்டர்கள் கறுப்பாடையை விரும்புவதற்குக் கண்ணாடிச் சன்னல்களில் தாங்கள் தெரிந்துவிடக் கூடாது என்ற காரணமும் உண்டு. மானிட்டருக்கும் அது உதவுகிறது.

அடுத்து, பாதுகாப்புக் கண்ணாடிக்கும் எல்சிடி பலகத்துக்கும் நடுவில் உள்ள காற்று இடைவெளி. காற்று இருக்கும்வரை கண்ணாடியின் உட்பரப்பும் பலகத்தின் மேற்பரப்பும் தலைக்கு 4 சதவீதம் என எதிரொளித்துக்கொண்டே இருக்கும். வெளிப்பரப்பில் எவ்வளவு நல்ல பூச்சு இருந்தாலும் இவை குறையாது. இந்த இடைவெளியை ஒளி ஊடுருவும் பசையால் நிரப்பி ஒட்டிவிட்டால் இரண்டு எதிரொளிப்புகளும் ஏறக்குறைய மறைந்துவிடுகின்றன. ஈரமும் தூசியும் உள்ளே புகாது, கீழே விழுந்தாலும் கண்ணாடி எளிதில் சிதறாது என்பவை உடன் கிடைக்கும் நன்மைகள். முதல் மாதிரியில் செலவைக் குறைக்க வேண்டுமானால் வேறு எதையாவது குறையுங்கள். இந்த ஒட்டும் வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மறைப்புக் கூடு பற்றியும் ஒருவர் கேட்டிருக்கிறார். நிழலுக்கு அது நல்லதுதான். ஆனால் காற்றடிக்கும் வெளிப்புறத்தில் அது பாயைப்போல் காற்றை வாங்கி ஸ்லெட்டைத் திருப்பிவிடும். விரல் நுனியில் சமநிலை காக்கும் கருவிக்குக் காற்றைவிடப் பெரிய தொல்லை இல்லை. ஆகையால் கூட்டைக் கழற்றி மாட்டும்படி செய்யுங்கள். அது இல்லாமலே வேலை நடக்கும்படி திரையை அமையுங்கள்.

கேள்வி: இரவுக் காட்சிகளில் அதே திரை தொல்லை தருமா?

பதில்: தரும். 2,000 நிட் திரையால் 5 நிட் அளவுக்கும் இறங்கிவர முடிய வேண்டும். இருட்டில் ஒளிரும் திரை ஆபரேட்டரின் கண்ணைக் கூசச்செய்து படிக்கட்டை மறைத்துவிடும். அருகில் வரும் நடிகரின் முகத்திலும் அதன் வெளிச்சம் விழும். ஒளியைக் குறைக்க எல்இடிகளை விட்டுவிட்டு எரியவைக்கும் மலிவான முறையைக் கையாள்வதானால், அந்த விட்டுவிட்டு எரிதல் விநாடிக்குப் பல ஆயிரம் முறை நிகழ வேண்டும். மெதுவாக எரிந்தணைந்தால், தரையிலிருந்து திரைக்குக் கண் தாவும் ஒவ்வொரு முறையும் படம் துண்டுதுண்டாகத் தெரியும்.

கேள்வி: குளிர்கண்ணாடி அணிந்து பார்த்தால் சில மானிட்டர்கள் இருண்டுவிடுகின்றனவே?

பதில்: எல்சிடியிலிருந்து வரும் ஒளி முனைவாக்கப்பட்டது, அதாவது ஒரே தளத்தில் அதிர்வது. முனைவாக்கும் குளிர்கண்ணாடியின் தளம் அதற்குக் குறுக்காக அமைந்தால் படம் அணைந்துபோகும். ஆபரேட்டர் தலையைச் சாய்க்கும்போது திடீரென மறையவும் கூடும். பலகத்தின் முன்புறம் கால் அலைநீளப் படலம் ஒன்றை ஒட்டினால் ஒளி வட்ட முனைவாக்கம் பெற்று, எந்தக் கோணத்திலும் ஏறக்குறைய பாதி வெளிச்சத்தோடு சீராகத் தெரியும்.

கேள்வி: பழைய ஆபரேட்டர்கள் பச்சைத் திரை மானிட்டரை இன்றும் புகழ்வதற்கு உண்மையான காரணம் உண்டா, அல்லது அது பழைமைப் பற்றா?

பதில்: காரணம் உண்டு. அவை ஒரே நிறம் காட்டும் படக்குழாய்த் திரைகள். பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் மிகக் கூர்மையாக உணர்வது 555 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியை என்பதால், செலவிடும் மின்சாரத்துக்கு மிகுந்த பிரகாசம் கிடைத்தது. மூன்று நிறப் புள்ளிகளாகப் பிரிக்க வேண்டியிராததால் படம் கூர்மையாகவும் இருந்தது. எல்லாவற்றையும்விட, சிக்னல் வரும் கணத்திலேயே எலெக்ட்ரான் கற்றை அதை வரைந்துவிடும். தாமதம் என்ற பேச்சே எழவில்லை. சிக்னல் மோசமானால் படத்தில் இரைச்சல் கூடுமே தவிர படம் மறையாது. இன்றைய டிஜிட்டல் மானிட்டர்களோ ஒரு வரம்புக்குக் கீழே போனதும் மொத்தமாகக் கறுத்துவிடுகின்றன. எடையும், உள்ளே இருந்த உயர் மின்னழுத்தமும் அந்தத் திரைகளின் குறைகள். அவற்றைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் வண்ணத்தை நீக்கி மாறுபாட்டைக் கூட்டிக் காட்டும் ஒரு பொத்தானை உங்கள் மானிட்டரில் வைக்க முடியும். கடும் வெயிலில் அதை நாடுபவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: 7 அங்குலத் திரைக்கு 4கே (சுமார் 4,000 பிக்ஸல் அகலமுள்ள) பலகம் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 7 அங்குல அகலத்திரையின் அகலம் சுமார் 155 மி.மீ. ஸ்டெடிகாம் மானிட்டர் இடுப்புக்குக் கீழே இருப்பதால் கண்ணிலிருந்து அதன் தொலைவு 80 செ.மீ. என்று கொள்ளலாம். நல்ல பார்வை உள்ளவர் அந்தத் தொலைவில் பிரித்தறியக்கூடிய மிகச்சிறிய இடைவெளி 0.23 மி.மீ. அளவே. 1,280 பிக்ஸல் அகலமுள்ள பலகத்திலேயே ஒரு பிக்ஸல் 0.12 மி.மீ. தான். அதற்கு மேல் கூட்டும் பிக்ஸல்கள் கண்ணுக்கு எட்டாமல் போவதோடு, ஒவ்வொரு பிக்ஸலிலும் ஒளி புகும் இடத்தைக் குறைத்து பேக்லைட்டின் உழைப்பையும் வீணாக்குகின்றன. 1,920 பிக்ஸல் பலகத்துக்கு ஆதரவாகச் சொல்ல ஒரு நியாயம் இருக்கிறது: கேமராவிலிருந்து வரும் படத்தை அளவு மாற்றாமல் அப்படியே காட்டலாம். அந்த நியாயம் அடுத்த கேள்வியோடு சேர்ந்தது.

கேள்வி: தாமதம் எவ்வளவு வரை பொறுக்கத்தக்கது? எங்கள் மாதிரி மானிட்டரில் படம் சற்றுப் பின்தங்கி வருகிறது. ஆனால் மேசையில் வைத்துப் பார்க்கும்போது அது தெரியவில்லை.

பதில்: மேசையில் தெரியாது, கையில் தெரியும். ஆபரேட்டர் கேமராவை விநாடிக்கு 60 பாகை வேகத்தில் திருப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் 100 மில்லி விநாடி பின்தங்கினால், அவர் காண்பது 6 பாகைக்கு முந்தைய நிலையை. லென்ஸ் 40 பாகை அகலத்தைக் காட்டுவதாக இருந்தால், இது ஃப்ரேமின், அதாவது படச் சட்டத்தின், அகலத்தில் 15 சதவீதம். கதவருகே நிற்கும் நடிகரிடம் வந்து நிற்க வேண்டிய கேமரா அவரைத் தாண்டிப் போகும், ஆபரேட்டர் திருத்துவார், அந்தத் திருத்தமும் தாமதமாகவே திரையில் தெரிய, மறுபடி எதிர்ப்பக்கம் தாண்டும். ஷாட்டின் முடிவில் கேமரா இப்படி ஒருமுறை ஆடி நிற்பதைப் பார்த்தால் ஆபரேட்டரைக் குறைசொல்லும் முன் மானிட்டரின் தாமதத்தை அளந்து பார்ப்பது நல்லது.

டிஜிட்டல் கேமரா தன் சென்சாரைப் படித்து, படத்தைப் பதப்படுத்தி வெளியே அனுப்பவே ஓரிரு ஃப்ரேம் (வீடியோவின் தனித்தனிப் படம்) நேரம் எடுத்துக்கொள்ளக்கூடும். விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேம் 40 மில்லி விநாடி. அதில் உங்களால் கைவைக்க முடியாது. ஆகவே மானிட்டர் தன் பங்காகச் சேர்க்கும் தாமதம் ஒரு ஃப்ரேமுக்கும் கீழே, முடிந்தால் சில வரிகளின் நேரத்துக்குள் அடங்க வேண்டும். இதற்கு முழு ஃப்ரேமையும் நினைவகத்தில் சேர்த்துவைத்துப் பிறகு காட்டும் ஆயத்தச் சில்லுகளைத் தவிர்க்க வேண்டியிருக்கும். வரும் வரிகளை வந்தபடியே பலகத்துக்கு அனுப்பி, பலகத்தின் புதுப்பிப்பு வேகத்தையும் வரும் சிக்னலோடு பூட்டிவிட வேண்டும். 24 ஃப்ரேம் சிக்னலை 60 ஆக மாற்றிக் காட்டும் வழக்கமான முறை தாமதத்தையும் தருகிறது, நகர்வில் விக்கலையும் தருகிறது. முழு ஃப்ரேமை இரண்டு பாதிகளாகப் பிரித்து அனுப்பும் சிக்னல் வரும்போது, அதைப் ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் மாறிமாறிக் காட்டும் பழைய இடைப்பின்னல் வீடியோ என்று தவறாக எண்ணித் தேவையற்ற பதப்படுத்தலில் இறங்கும் மானிட்டர்களும் உண்டு; உங்களுடையதில் இதைச் சோதித்துப் பாருங்கள்.

கம்பியில்லா இணைப்பை இயக்குநரின் மானிட்டருக்கு வைத்துக்கொள்ளலாம். ஆபரேட்டரின் மானிட்டர் கேமராவோடு கம்பியில்தான் இணைந்திருக்க வேண்டும்.

கேள்வி: கேமராவையும் மானிட்டரையும் இணைக்கும் கேபிள் வகைகளான எஸ்டிஐ, எச்டிஎம்ஐ இரண்டில் எது?

பதில்: எஸ்டிஐ. அதன் பிஎன்சி முனை திருகிப் பூட்டிக்கொள்ளும். எச்டிஎம்ஐ முனை நடையின் அதிர்விலேயே நழுவும். எச்டிஎம்ஐயில் இரு கருவிகளும் தங்களுக்குள் பேசி உடன்பட்ட பிறகே படம் வரும் என்பதால், கேமராவின் ஃப்ரேம் வேகத்தை மாற்றும்போதெல்லாம் காத்திருக்கவும் நேரும். விநாடிக்கு 60 முழு ஃப்ரேம் வரையிலான எச்டி படத்துக்கு 3ஜி எஸ்டிஐ, அதாவது விநாடிக்கு 2.97 கிகாபிட், போதுமானது. தூணுக்குள் ஓடும் கேபிளும் அதன் முனைகளும் முழுவதும் 75 ஓம் தரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அனலாக் வீடியோவுக்காகக் கம்பியிடப்பட்ட பழைய ஸ்லெட்டுகளில் படம் விட்டுவிட்டு வருவதற்கு இதுவே காரணமாக இருக்கும்.

கேள்வி: திரையின் ஓரத்தில் மின்னணு ரசமட்டம் ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். நிற்கும்போது துல்லியமாக இருக்கிறது, நடக்கத் தொடங்கியதும் தவறு காட்டுகிறது. அதிலுள்ள முடுக்கமானி (வேக மாற்றத்தை அளக்கும் உணரி) பழுதா?

பதில்: முடுக்கமானி தன் வேலையைச் சரியாகவே செய்கிறது, அதனிடம் கேட்கும் கேள்விதான் பொருந்தவில்லை. ஈர்ப்பினால் வரும் விசையையும் ஆபரேட்டரின் நகர்வினால் வரும் விசையையும் அதனால் பிரித்தறிய முடியாது. கண்ணாடிக் குழாயில் குமிழ் ஓடும் சாதாரண ரசமட்டத்துக்கும் இதே குறை உண்டு.

அளவைப் பாருங்கள். நடிகரை நோக்கியபடியே பக்கவாட்டில் நகரத் தொடங்கும் ஆபரேட்டர், ஒரு விநாடியில் 1.5 மீட்டர் வேகத்தை எட்டினால், அந்த ஒரு விநாடி முழுவதும் மட்டம் 8.7 பாகை சாய்ந்துவிட்டதாகக் காட்டும். சுவரும் கதவும் உள்ள ஃப்ரேமில் ஒரு பாகைச் சாய்வே கண்ணில் உறுத்தும். மட்டத்தை நம்பித் திருத்துகிறவர் நேராக இருந்த கேமராவைத் தானே சாய்த்துவிடுவார்.

இதற்குத் தீர்வு ஜைரோ. அது திரும்பும் வேகத்தை அளக்கிறது. நேர்க்கோட்டு முடுக்கம் அதை ஏமாற்றாது. ஆனால் அதன் அளவு நேரம் செல்லச்செல்ல மெதுவாக விலகிக்கொண்டே போகும். எனவே குறுகிய காலத்துக்கு ஜைரோவையும், நீண்ட காலச் சராசரிக்கு முடுக்கமானியையும் நம்பும்படி இரண்டையும் கலக்கிறார்கள். கலக்கும் விகிதத்தைத் தீர்மானிக்கும் கால அளவில்தான் பெரும்பாலான மாதிரிகள் சறுக்குகின்றன. 3 மீட்டர் ஆரமுள்ள வளைவில், விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் முன்னால் செல்லும் நடிகரைத் தொடர்கிறோம் என்று கொள்ளுங்கள். வளைவின் உட்புறம் நோக்கிய முடுக்கம் ஒரு விநாடிக்கு விநாடி 0.75 மீட்டர், முடுக்கமானிக்கு அது 4.4 பாகைச் சாய்வாகத் தெரியும். கால் வட்டத்தைக் கடக்கச் சுமார் 3 விநாடி ஆகும். கால அளவை 2 விநாடி என்று வைத்திருந்தால், வளைவு முடிவதற்குள் உங்கள் மட்டம் 3.5 பாகை பொய் சொல்லியிருக்கும். 30 விநாடி என்று வைத்தால் பிழை அரைப் பாகைக்குள் நிற்கும். நீண்ட கால அளவுக்கு விலை, விலகல் குறைந்த நல்ல ஜைரோ; வெப்பநிலை மாறும்போது அதன் பிழை எப்படி மாறுகிறது என்பதையும் முன்கூட்டியே அளந்து பதிந்துவைக்க வேண்டும்.

முடுக்கத்தின் மொத்த அளவு ஈர்ப்பின் அளவிலிருந்து மாறும்போது முடுக்கமானியைப் புறக்கணித்துவிடலாம் என்று ஒரு மாணவர் எழுதியிருக்கிறார். நல்ல யோசனையாகத் தோன்றும். ஆனால் மேலே சொன்ன வளைவில் மொத்த அளவு 0.3 சதவீதமே கூடுகிறது. நடையின் அதிர்வுகளுக்கு நடுவே அந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது. பக்கவாட்டு விசை திசையை மாற்றும் அளவுக்கு நீளத்தை மாற்றுவதில்லை என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

உணரியை எங்கே வைப்பது என்பதையும் பலர் யோசிப்பதில்லை. மானிட்டருக்குள்ளேயே வைப்பது கம்பி வேலைக்கு எளிது. ஆனால் மானிட்டர் தூணின் அச்சிலிருந்து கால் மீட்டர் முன்னால் நீண்டிருக்கிறது. ஆபரேட்டர் கேமராவைச் சட்டென்று திருப்பத் தொடங்கும்போது மானிட்டர் பக்கவாட்டில் எறியப்படுகிறது. அந்த முடுக்கத்தையும் உணரி சாய்வாக எடுத்துக்கொள்ளும். தூணின் அச்சிலேயே, கேமரா அமரும் தட்டுக்குக் கீழே உணரியை வைத்து, மானிட்டருக்கு ஒரு மெல்லிய கேபிளை மட்டும் கொண்டுவருவது மேல்.

காட்டும் முறை எளிமையாக இருக்கட்டும். எண்கள் வேண்டாம். படத்தின் அடியில் ஒரு பட்டை, நடுவில் நிற்கும்போது ஒரு நிறம், விலகினால் வேறு நிறம். ஓரக் கண்ணுக்கே அது தெரிந்துவிடும். குமிழ் போல உயர்ந்த பக்கம் ஓட வேண்டுமா, தாழ்ந்த பக்கம் ஓட வேண்டுமா என்பது ஆளுக்கு ஆள் மாறும் பழக்கம் என்பதால் அதை மாற்றிக்கொள்ள வழி வையுங்கள். வேண்டுமென்றே சாய்த்து எடுக்கும் ஷாட்டுகளுக்காக நடுப்புள்ளியை நகர்த்தும் வசதியும் தேவை.

கேள்வி: மானிட்டர் எவ்வளவு இலேசாக இருக்கிறதோ அவ்வளவு நல்லதுதானே?

பதில்: ஆபரேட்டரின் முதுகைக் கேட்டால் ஆம் என்றுதான் சொல்லும். ஆனால் மானிட்டர் எதிரெடையாகவும் வேலை செய்கிறது. தூணின் ஒருபுறம் பேட்டரியும் மறுபுறம் மானிட்டரும் நீண்டிருப்பதால்தான் ஸ்லெட் சட்டென்று திரும்பாமல் நிதானமாகத் திரும்புகிறது. அந்த நிதானம் எடையோடு, தூரத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. 1 கிலோ மானிட்டர் தூணிலிருந்து 25 செ.மீ. தள்ளி இருக்கும் இடத்தில், அரைக் கிலோ மானிட்டரை 50 செ.மீ. தள்ளி வைத்தால் சமநிலை அப்படியே இருக்கும். திருப்பத்தை எதிர்ப்பதில் மானிட்டரின் பங்கோ இருமடங்காகும். ஆகவே இலேசான மானிட்டர் நல்லதுதான், அதை வெளியே தள்ளி வைக்கத்தக்க உறுதியான கம்பிகள் இருந்தால். கம்பிகள் துவண்டால் ஒவ்வொரு அடிக்கும் மானிட்டர் நடுங்கும். அந்த நடுக்கம் தூணில் ஏறி நீண்ட குவியத் தொலைவுள்ள லென்ஸில் தெரியும்.

வடிவமைப்பவர்கள் மறந்துவிடும் ஒரு சின்ன விஷயம், மானிட்டரைச் சாய்க்கும் கீலின் இடம். கீலின் அச்சு மானிட்டரின் எடை மையத்தின் வழியே செல்ல வேண்டும். கீல் கீழ் விளிம்பில் இருந்தால், வெயிலுக்காகத் திரையைச் சற்றுச் சாய்த்த உடனே எடை இடம்பெயர்ந்து ஸ்லெட்டின் சமநிலை கெடும். ஷாட்டுக்கு முன் எல்லாரும் காத்திருக்க ஆபரேட்டர் மறுபடி சமன்செய்துகொண்டிருப்பார்.

கேள்வி: மின்சாரமும் வெப்பமும் பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: சில கேமராக்கள் 12 வோல்ட், சில 24 வோல்ட், இரண்டு வகை ஸ்லெட்டுகளும் புழக்கத்தில் உள்ளன. 10 முதல் 34 வோல்ட் வரை எதை ஏற்றாலும் இயங்கும்படி செய்யுங்கள். கேமராவை இயக்கும் கணத்தில் மின்னழுத்தம் சற்றுத் தாழும்போது மானிட்டர் அணைந்து மறுபடி தொடங்கக் கூடாது. ஒரே வடிவ இணைப்பு முனையில் நேர், எதிர் முனைகளை மாற்றி இணைத்திருக்கும் கருவிகள் இருப்பதால், தலைகீழாகச் செருகினாலும் எரிந்துபோகாத காப்பு கட்டாயம்.

20 வாட் எடுத்துக்கொள்ளும் 7 அங்குல மானிட்டரை நேரடி வெயிலில் வைத்தால், திரையின் பரப்பில் மட்டும் சூரியன் மேலும் 13 வாட் அளவுக்குக் கொட்டும். நேரடி ஒலிப்பதிவு நடக்கும் இடத்தில் மின்விசிறியின் ஓசையை ஒலிப்பதிவாளர் ஏற்கமாட்டார். ஆகவே அலுமினிய முதுகுத் தகடு முழுவதையும் வெப்பம் தணிக்கும் பரப்பாக்கி, பேக்லைட்டின் எல்இடிகளை அதோடு நேரடியாக ஒட்டவைப்பதே வழி. வெப்பம் எல்லை மீறினால் திரவப் படிகம் தன் ஒழுங்கை இழந்து, திரையில் கரும்படலம் ஒன்று படரும். ஆறியதும் பெரும்பாலும் மீண்டுவிடும். அது ஷாட்டின் நடுவில் படர்ந்தால் ஆபரேட்டர் குருடராகிவிடுவார் என்பதால், பலகத்தை வாங்கும்போது அந்த எல்லை வெப்பநிலை எவ்வளவு என்பதை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பேக்லைட் இல்லாமல் ஒவ்வொரு பிக்ஸலும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரை ஏற்றதா?

பதில்: இரவில் மிக அழகு. வெயிலில் போதிய பிரகாசம் கிடைப்பது கடினம். நாள் முழுவதும் ஒரே இடத்தில் நிற்கும், படத்தின் எல்லையைக் குறிக்கும் ஃப்ரேம் கோடுகள் திரையில் தழும்பாகப் பதிந்துவிடும் ஆபத்தும் உண்டு.

கேள்வி: தொடுதிரை, ஒளி அளவு வரைபடம், ஃபோகஸ் விளிம்பு காட்டி போன்ற வசதிகளையும் சேர்த்தால் விற்பனைக்கு நல்லதல்லவா?

பதில்: விற்பனைக்கு நல்லதாக இருக்கலாம். ஃபோகஸைக் கம்பியில்லாக் கருவியால் வேறொருவர் இயக்குகிறார்; ஒளி அளவை ஒளிப்பதிவாளர் பார்த்துக்கொள்கிறார். ஆபரேட்டரின் திரையில் இவை இடத்தை அடைக்கும் பொருட்கள் மட்டுமே. தொடுதிரையோ, தொட்டவுடன் ஸ்லெட்டை ஆட்டும். கையுறையோடும் தடவிக் கண்டுபிடிக்கத்தக்க நான்கைந்து பொத்தான்கள் போதும்: ஒளி, ஃப்ரேம் கோடு, படத்தைத் தலைகீழாக்குதல், மட்டத்தின் நடுப்புள்ளி, வண்ண நீக்கம்.

ஃப்ரேம் கோடுகளில் மட்டும் தாராளமாக இருங்கள். 2.39:1 விகிதப் படம் 16:9 திரையின் உயரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கையே எடுத்துக்கொள்ளும். மீதியைக் கறுப்பாக மறைத்துவிடாமல், கேமரா அங்கும் படம் அனுப்புமானால், அதை மங்கலாகக் காட்டுங்கள். மேலிருந்து இறங்கும் பூம் மைக் ஃப்ரேமுக்குள் நுழையும் முன்பே ஆபரேட்டருக்குத் தெரிந்துவிடும். கேமரா அங்கே எதுவும் அனுப்பாதபோது, அந்தக் கீழ்ப்பட்டைதான் மட்டத்தைக் காட்ட ஏற்ற இடம்.

கேள்வி: ஸ்லெட்டைத் தலைகீழாக்கித் தரையோரம் எடுக்கும்போது படம் தானாகத் திரும்ப வேண்டுமா?

பதில்: பொத்தானை அழுத்தினால் மட்டும் திரும்பட்டும். கேமராவைச் செங்குத்தாக மேலிருந்து கீழே சாய்க்கும் ஒரு ஷாட்டின் நடுவில் மானிட்டர் தானாக முடிவெடுத்துப் படத்தைப் புரட்டினால் அந்த டேக் போயிற்று. தலைகீழ் நிலையில் திரையை வேறு கோணத்திலிருந்து பார்க்க நேர்வதால், மேலும் கீழும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகைப் பலகத்தையே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: முதல் மாதிரி தயாராகிவிட்டது. ஆபரேட்டரிடம் கொடுப்பதற்கு முன் நாங்களே எவற்றைச் சோதிக்கலாம்?

பதில்: மில்லி விநாடி காட்டும் ஓடும் கடிகாரம் ஒன்றைக் கேமராவால் படம்பிடித்து மானிட்டரில் ஓடவிடுங்கள். கடிகாரமும் மானிட்டரும் ஒரே படத்தில் வரும்படி இன்னொரு கேமராவால் புகைப்படம் எடுத்தால், இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாடே மொத்தத் தாமதம். ஒரு படத்தை நம்பாமல் பல படங்கள் எடுத்துச் சராசரி காணுங்கள். பிறகு அதே கேமராவில் வேறொரு மானிட்டரை மாட்டி ஒப்பிட்டால் உங்கள் மானிட்டரின் பங்கு எவ்வளவு என்பது பிரிந்து தெரியும்.

நடுப்பகலில், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க ஒருமுறையும், முகத்துக்கு நேராக இருக்க ஒருமுறையும் பாருங்கள்; இரண்டாவது நிலையில் வெள்ளைச் சட்டை அணிந்துகொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் வெயிலில் எரியவிட்டு முதுகுத் தகட்டைத் தொட்டுப் பாருங்கள். மானிட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேமராவை அணைத்து ஏற்றுங்கள். ஃப்ரேம் வேகத்தை 24-லிருந்து 25-க்கு மாற்றுங்கள். எஸ்டிஐ கேபிளைப் பிடுங்கிச் செருகுங்கள். ஒவ்வொரு முறையும் படம் ஒரு விநாடிக்குள் திரும்பிவர வேண்டும். மட்டத்துக்கு, சுவரோரமாகப் பக்கவாட்டில் வேகமாக நடந்து சட்டென்று நின்று, அந்தக் கணத்தில் பட்டை எங்கே நிற்கிறது என்பதையும், பதிவான படத்தில் கதவு நிலை எவ்வளவு நேராக இருக்கிறது என்பதையும் ஒப்பிடுங்கள்.

இவற்றில் தேறிய பிறகு ஆபரேட்டரிடம் கொடுக்கும்போது மானிட்டரின் வசதிகளை விளக்கத் தொடங்காதீர்கள். படிக்கட்டு ஒன்றில் ஒரு நடிகரைப் பின்தொடர்ந்து ஏறி இறங்கச் சொல்லிவிட்டு, அவர் எந்த இடங்களில் திரையைப் பார்க்கத் தலையைக் குனிந்து சற்று அதிக நேரம் நின்றுவிடுகிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதிரியில் திருத்த வேண்டியவை அந்தக் குறிப்பில் இருக்கும்.